பூட்டேலாத தண்ணி

கீரிமலை என்று பேர்.
மலையைக் காணோம்.
நாங்கள் ஏறினதில் ஆக உயரம்
ஆஸ்பத்திரி வீதி லாப்பின் மூன்றாம் மாடி.
பதினொரு வருசமாக அங்கேதான்
எமில்டாவும் நானும்
ஊரார் இரத்தத்துக்குப் பேர் ஒட்டுகிறோம்.

இரண்டு பேருக்கும் ஒரே நாளில் லீவு.
"எங்கை பயணம்?" என்றார் மனேச்சர்.
"மலைக்கு" என்றாள் எமில்டா,
சித்தப்பா வீட்டுக்கு என்பதுபோல.

பஸ் நிலையம், இரவு ஏழரை.
என் பையில்
கனடாவிலிருந்து வந்து ஒருநாளும் போடாத சுவெட்டர்,
பூச்சியுருண்டை மணத்தோடு.
அவள் பையில்
பாரை மீன் பொரியல், இரண்டு றாத்தல் பாண்,
ஒரு சிலுவை, ஒரு டோர்ச்.

றம்பொடையில் விடிந்தது.
வளைவுகளை எண்ணிக்கொண்டு வந்தவள்
முப்பத்தொன்பதில் நிறுத்தி
சத்தி எடுத்தாள்.
குருநகர்க் கடலில்
தகப்பனின் வள்ளத்தில் ஒருநாளும் புரளாத வயிறு.
நான் முதுகைத் தடவினேன்.
யன்னலுக்கு வெளியே
பச்சை செங்குத்தாய் நின்றது.
எங்கே பார்ப்பதென்று தெரியவில்லை;
எங்கள் கண்கள்
தூரத்துக்குப் பழகினவை,
உயரத்துக்கு அல்ல.

அறையில் இரண்டு கட்டில், ஒரு கம்பளி.
இழுபறிப்பட்டோம்.
நடுச்சாமத்தில் அவள் நித்திரையில் எண்ணினாள்:
நாப்பது, நாப்பத்தொண்டு, நாப்பத்திரண்டு...
வளைவுகளையா, இரத்தக் குழாய்களையா?
பக்கத்து மேசையில் பதினொரு வருசம் இருந்தும்
எனக்கு இது தெரியாது.
விடிந்தபிறகும் கேட்கவில்லை.

அடுத்த நாள் சண்டை.
வாவியில் படகு ஓட எனக்கு ஆசை.
"இதெல்லாம் ஒரு தண்ணியாடி,
காசு குடுத்து ஏற?"
அரை மைல் கதைக்காமல் நடந்தோம்.
புகார் வந்து எங்களுக்கிடையில்
மூன்றாவது ஆளாய் நடந்தது.

அப்போதுதான் அந்தக் குழாய்.
பாதி மூங்கில், பாதி பிளாஸ்டிக்,
தேயிலைச் சரிவிலிருந்து நீட்டிக்கொண்டு.
தண்ணி ஓடுகிறது.
கீழே வாளி இல்லை.
வரிசை இல்லை.
ஆளே இல்லை.

எமில்டா குனிந்தாள்.
திருகைத் தேடினாள். அடியில் தடவினாள்.
கடைசியில் உள்ளங்கையால் பொத்தினாள்.
முழங்கை வழி ஓடி, சுவெட்டர் தெப்பம்.
"ஆரடி திறந்துவிட்டிட்டுப் போனது?"

கூடையோடு இறங்கி வந்த ஒருத்தி நின்றாள்.
"அது மூடாதுங்க. ராப்பகலா ஓடும்.
எங்கிட்டு நீங்க?"
"யாழ்ப்பாணம்."
"அங்கிட்டுக் கடல் இருக்காமே.
அத மூடிருவாங்களா?"

எமில்டாவுக்கு முகம் சிவந்தது.
பிறகு பாதையோரக் கல்லில் இருந்து
மூக்கால் வடியச் சிரித்தாள்.
நானும் இருந்தேன். கல் குளிர்ந்தது.
செல்லமணி (அதுதான் அவள் பேர்)
ஒரு மீன் துண்டை வாயில் போட்டு
"உப்புக் கூட" என்றாள்,
இன்னொன்றை முந்தானையில் முடிந்தாள்.
நாலு கிலோ கொழுந்து குறையுதாம்,
நின்று பேச நேரமில்லை.
புகாருக்குள் முதலில் அவள் மறைந்தாள்,
பிறகு கூடை.

திரும்பும்போது ஆனையிறவில் கண் முழித்தோம்.
இரண்டு பக்கமும் வெட்டை, உப்பு, வானம்.
"அப்பாடா" என்றாள்,
"எல்லாம் படுத்திருக்கு."

திங்கட்கிழமை, லாப்பின் பின்னறை.
அடிமுழுக்க வெள்ளை படிந்த எங்கள் கேத்தில்.
பையிலிருந்து ஒரு போத்தல் எடுத்தாள்;
அந்தக் குழாய்த் தண்ணி,
எப்போது பிடித்தாளோ.
தேத்தண்ணி கண்ணாடிபோல வந்தது.
ஒரு வாய் குடித்தாள்.
"சப்பெண்டு கிடக்கு" என்றாள்,
ஆனாலும் மிச்சத்தை எனக்குத் தரவில்லை.

வெளியே முதல் நம்பரைக் கூப்பிட்டார்கள்.
அவள் எழுந்தாள்,
கையுறை போட முதல்
ஏற்கனவே பூட்டிக் கிடந்த பைப்பை
இன்னொருக்கால் இறுக்கிவிட்டுப் போனாள்.